வயிற்றுப் புளிப்பை அடக்கும் மாத்திரைகளும் இரைப்பையின் உட்சுவரும்

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஒரு கோப்பை கருங்காப்பியை மட்டும் அருந்திவிட்டுப் பெரட்டுக்கு விரைந்து, நிரையில் பாதி மரங்களை வெட்டி முடித்த பின்னரே பசியாறும் வழக்கம் நம் ரப்பர் தோட்டங்களில் பல தலைமுறைகளாக இருந்து வருகின்றது. நெஞ்சுக்குழியில் எழும் எரிச்சலும், தொண்டைவரை ஏறி வரும் புளிப்பு நீரும் தோட்ட மக்களுக்குப் புதியவை அல்ல. "கேஸ்திரிக்" என்ற ஒரே சொல்லால் இவை எல்லாவற்றையும் குறித்துவிடுகிறோம். முன்னாளில் தோட்டத்து டிரசரிடம் சென்று வெள்ளை மருந்து ஒரு போத்தல் வாங்கிக் குடிப்பதோடு காரியம் முடிந்துவிடும். இந்நாளிலோ பலருடைய சட்டைப் பையில் மாத்திரை அட்டை ஒன்று நிரந்தரமாகக் குடியிருக்கின்றது. இரண்டு வாரத்திற்கென மருத்துவர் கொடுத்த மாத்திரையை இரண்டு ஆண்டுகளாக விழுங்கி வருபவர்களும், அண்டை வீட்டாரிடம் கடன் வாங்கி விழுங்குபவர்களும் நம்மிடையே உண்டு.

இம்மாத்திரைகள் நல்லவையா, கெட்டவையா என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அவை இரைப்பையின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களை என்ன செய்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், யார் அவற்றைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும், யார் நிறுத்தலாம், நிறுத்தும்போது ஏன் முன்னிலும் அதிகமாக எரிகின்றது என்பவை தாமே விளங்கும். அதனையே இங்குப் படிப்படியாக ஆராய்வோம்.

பட்டையும் உட்சுவரும்

பால் உறைவதற்கு ஊற்றும் பார்மிக் அமிலத்தை நாம் அறிவோம். அதனைத் தண்ணீர் கலந்தே பயன்படுத்துகிறோம். கலவாத அமிலம் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். நம் இரைப்பையில் சுரப்பதும் ஓர் அமிலமே. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை வில்லியம் பிரவுட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1824-ஆம் ஆண்டளவில் வெளிப்படுத்தினார். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் முதல் இரண்டு லிட்டர் வரை இரைப்பை நீர் சுரக்கின்றது. இறைச்சியைக் கரைக்கக்கூடிய இந்நீர், அதே இறைச்சியால் ஆன இரைப்பையை ஏன் கரைப்பதில்லை?

அதற்குக் காரணம் அதன் உட்சுவரே. ஒரு பால்மரத்தின் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கரடான பட்டை, உள்ளே பால் ஓடும் மெல்லிய பட்டை, அதற்கும் உள்ளே புதுப் பட்டையை வளர்த்துக் கொடுக்கும் பசுமையான மெல்லிய அடுக்கு. அளவாகச் சீவினால் பட்டை மீண்டும் வளரும். உளி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும், பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இரைப்பையின் உட்சுவரிலும் இப்படிப்பட்ட ஓர் ஏற்பாடு உண்டு. அதன் மேற்பரப்பிலுள்ள உயிரணுக்கள் பிசுபிசுப்பான சீதத்தையும், அமிலத்தை முறிக்கும் காரத்தையும் இடைவிடாமல் சுரந்து, உட்சுவர் முழுவதும் ஒரு படலமாகப் பரப்பி வைக்கின்றன. அவ்வுயிரணுக்களுக்கு ஆயுள் சில நாட்களே. பழையவை உதிர உதிர, சற்று ஆழத்தில் இருக்கும் மூல உயிரணுக்கள் புதியவற்றைப் பெற்று மேலே அனுப்புகின்றன. மேலோட்டமான சிராய்ப்பு விரைவில் ஆறிவிடுகின்றது. காயம் ஆழமாக இறங்கி, உட்சுவரைத் தாண்டிக் கீழுள்ள அடுக்கையும் அரித்துவிட்டால் அதுவே குடற்புண் எனப்படும் அல்சர் ஆகின்றது.

மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற சிறு குழிகள் உள்ளன. ஒவ்வொரு குழியும் கீழே நீண்டு ஒரு சுரப்பியாகின்றது. அச்சுரப்பியின் சுவரில் பல தொழில் புரியும் உயிரணுக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அமிலத்தைச் சுரப்பவை சில. இறைச்சி, பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதத்தைச் செரிக்கச் செய்யும் நொதியைச் சுரப்பவை வேறு சில. அமில உயிரணுக்கள் அமிலத்தை மட்டுமின்றி, பி12 என்னும் உயிர்ச்சத்தை நம் குடல் ஏற்றுக்கொள்வதற்குத் தேவையான ஒரு பொருளையும் சுரக்கின்றன. இதனைப் பின்னர் மறுபடியும் பார்ப்போம்.

இரைப்பை வேலை செய்யும் விதத்தை மனிதன் நேரில் கண்டது ஒரு தொழிலாளியின் வயிற்றில்தான் என்பதை இவ்விடத்தில் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. 1822-ஆம் ஆண்டில், வட அமெரிக்காவின் மெக்கினாக் தீவில், தோல் வணிகக் குழு ஒன்றில் கூலி வேலை செய்துவந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையில் விழுந்த துவாரம் மூடவே இல்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த வில்லியம் போமண்ட் என்னும் இராணுவ மருத்துவர், அத்துவாரத்தின் வழியே உணவை நூலில் கட்டி உள்ளே விட்டும், நீரை எடுத்தும் பல ஆண்டுகள் சோதனை செய்து 1833-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். உலகம் மருத்துவரைப் புகழ்ந்தது. வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு வாழ்ந்த அந்தக் கூலியாளுக்குக் கிடைத்த ஊதியம் சொற்பமே. ஆயினும் அவர் மருத்துவரைவிட நெடுநாள் வாழ்ந்து 1880-இல் மறைந்தார்.

கட்டளை செல்லும் வழி

அமிலம் எந்நேரமும் ஒரே அளவில் சுரப்பதில்லை. உணவின் மணம் மூக்கில் ஏறியவுடனேயே மூளையிலிருந்து நரம்பு வழியாக இரைப்பைக்குச் செய்தி சென்றுவிடுகின்றது. உணவு உள்ளே இறங்கியதும் இரைப்பையின் கீழ்ப்பகுதியிலுள்ள சில உயிரணுக்கள் காஸ்ட்ரின் என்ற பொருளை இரத்தத்தில் விடுகின்றன. நம் தோட்டத்து வழக்கில் சொன்னால் இவற்றைக் கங்காணி எனலாம். "வேலையைத் தொடங்குங்கள்" என்பதே அவற்றின் குரல். அந்தக் குரலைக் கேட்டு, இரைப்பையின் மேற்பகுதியிலுள்ள தூதுவ உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைப் பக்கத்திலிருக்கும் அமில உயிரணுக்களிடம் சேர்ப்பிக்கின்றன. அமில உயிரணுவின் உள்ளே இருக்கும் நுண்ணிய பம்புகள் உடனே முன்வந்து, அமிலக் கூறுகளை வெளியே தள்ளி, அதற்கு ஈடாகப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்கு அடர்த்தியாக அமிலக் கூறுகளை வெளியே சேர்க்கும் வல்லமை அந்தப் பம்புகளுக்கு உண்டு.

போதிய அமிலம் சேர்ந்தவுடன், வேலையை நிறுத்தச் சொல்லும் உயிரணுக்களும் இருக்கின்றன. அவை கங்காணியின் வாயை மூடிவிடுகின்றன. அமிலம் குறைந்தால் தடை நீங்கும். அமிலம் மிகுந்தால் தடை விழும். இந்த ஏற்பாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் வரும் நன்மை தீமைகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

மூன்று வகை மருந்துகள்

பழைய வெள்ளை மருந்து, ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தை முறிப்பதே அன்றிச் சுரப்பைத் தடுப்பதில்லை. பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பதைப் போன்ற வேலைதான் அது. ஓரிரு மணி நேரத்தில் அதன் பயன் தீர்ந்துவிடும்.

இரண்டாம் வகை மருந்து 1976-ஆம் ஆண்டில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. சிமெட்டிடின் என்பது அதன் பெயர். ஹிஸ்டமின் என்னும் தூது அமில உயிரணுவைச் சென்றடையாதபடி, அது வந்து அமரும் இருக்கையில் இம்மருந்து முன்கூட்டியே அமர்ந்துகொள்ளும். இதனைக் கண்டறிந்த குழுவின் தலைவர் ஜேம்ஸ் பிளாக் 1988-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அவர் இளமையில் சிங்கப்பூரில், பின்னர் மலாயாப் பல்கலைக்கழகமாக உருவெடுத்த மருத்துவக் கல்லூரியில், சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பது நம் நாட்டவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இவ்வகையில் வந்த ரனிட்டிடின் மருந்து பல்லாண்டு புகழுடன் இருந்தபின், அதில் தீங்கான மாசு காணப்பட்டமையால் 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. ஃபாமோட்டிடின் இன்றும் பயன்படுகின்றது. ஆனால் இவ்வகை மருந்துகளை நாள்தோறும் உட்கொண்டால், சில வாரங்களில் இரைப்பை பழகிப்போய் மருந்தின் வேகம் குறைந்துவிடும்.

மூன்றாம் வகையே இன்று சட்டைப் பைகளில் இருப்பது. 1988-ஆம் ஆண்டில் சுவீடனில் வெளிவந்த ஒமெப்ரசோல் இவ்வகையில் முதலாவது. பாண்டோப்ரசோல், எசோமெப்ரசோல் முதலியவை அதன் தம்பிமார். இவை தூதைத் தடுப்பதில்லை, பம்பையே பூட்டிவிடுகின்றன. எந்தப் பம்பு வேலை செய்து அமிலத்தைத் தள்ளிக்கொண்டிருக்கின்றதோ, அந்த அமிலத்திலேயே மருந்து உருமாறி, அந்தப் பம்பிலேயே ஒட்டிக்கொள்ளும். பூட்டிய பூட்டு திறவாது. உயிரணு புதிய பம்புகளைச் செய்துகொள்ளும்வரை அமிலம் குறைவாகவே இருக்கும். மருந்து இரத்தத்தில் ஓரிரு மணி நேரமே தங்கினாலும், அதன் பயன் ஒரு நாளுக்கு மேல் நீடிப்பது இதனால்தான்.

இதிலிருந்து தோட்டத் தொழிலாளர்க்கு மிகவும் வேண்டிய ஒரு செய்தி கிடைக்கின்றது. ஓய்ந்திருக்கும் பம்பை இம்மருந்து பூட்டாது. காலை நாலரை மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டுப் பத்து மணிக்குச் சோறு உண்பவரின் வயிற்றில், பம்புகள் விழித்தெழும்போது இரத்தத்தில் மருந்து பெரும்பாலும் தீர்ந்து போயிருக்கும். "நாள் தவறாமல் சாப்பிடுகிறேன், ஒன்றும் கேட்கவில்லை ஐயா" என்று டிரசரிடம் முறையிடுபவர்களில் சிலரது குறை இதுவே. முதல் உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்வதே முறை. ஆகவே மாத்திரையைச் சோற்றுத் தூக்கோடு எடுத்துச் சென்று, பசியாறுவதற்கு அரை மணி முன்னதாக நிரையிலேயே தண்ணீருடன் விழுங்கலாம். அது இயலாதெனில், இரவுச் சோற்றுக்கு முன் உட்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். மாத்திரையைக் கடித்தோ நொறுக்கியோ உண்ணுதல் கூடாது. மேலே பூசியுள்ள காப்பு உடைந்தால், பம்பைச் சேருமுன்னரே வயிற்று அமிலம் மருந்தை அழித்துவிடும்.

உயிரணுக்களில் நிகழும் மாற்றம்

முதலில் நன்மையைக் கூறுவதே நேர்மை. அமிலம் குறைந்தவுடன், அரிக்கப்பட்ட இடத்தில் மூல உயிரணுக்கள் தடையின்றிப் புதுச் சுவரை எழுப்புகின்றன. முன்குடலில் ஏற்பட்ட புண்களில் பெரும்பாலானவை நான்கு வாரத்திலும், இரைப்பைப் புண்களில் பெரும்பாலானவை எட்டு வாரத்திலும் ஆறிவிடுகின்றன. ஒரு காலத்தில் புண் ஆறாதவர்களின் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதும், அதற்குச் செல்லும் நரம்பை அறுப்பதும் சாதாரணமான அறுவைகளாக இருந்தன. இன்று அவற்றுக்குத் தேவை மிகவும் அருகிவிட்டது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அமிலம் குறைந்துவிட்டதால், நிறுத்தச் சொல்லும் உயிரணுக்கள் மௌனமாகிவிடுகின்றன. கங்காணியின் வாயை மூட ஆளில்லை. ஆகவே காஸ்ட்ரின் இரத்தத்தில் ஏறுகின்றது. "ஏன் இன்னும் வேலை நடக்கவில்லை?" என்று கங்காணி மேலும் மேலும் கூவுகின்றார். அந்தக் கூவலைக் கேட்டுக் கேட்டுத் தூதுவ உயிரணுக்கள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. அமில உயிரணுக்களும் பெருத்து வீங்கிச் சுரப்பியின் உட்பக்கமாகப் புடைத்து நிற்கின்றன. நீண்ட காலம் மாத்திரை உட்கொள்பவரின் இரைப்பையில் ஒரு துணுக்கை எடுத்து நுண்பெருக்கியில் நோக்கினால், இம்மாற்றங்களை நோய்க்கூறு வல்லுநர் கண்டுகொள்வார். சிலருக்குச் சுரப்பிகள் விரிந்து, உட்சுவரில் சிறு சிறு மொட்டுகள் போன்ற தசை வளர்ச்சி தோன்றும். ஓர் ஆண்டுக்கு மேல் உட்கொள்பவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகின்றது. இம்மொட்டுகள் பெரும்பாலும் தீங்கற்றவை. மாத்திரையை நிறுத்திய பின் பல சுருங்கி மறைகின்றன.

இத்தூதுவ உயிரணுக்களின் பெருக்கம் ஒரு சமயம் இம்மருந்தின் வரலாற்றையே நிறுத்திவிடப் பார்த்தது. 1984-ஆம் ஆண்டில், வாழ்நாள் முழுவதும் ஒமெப்ரசோல் ஊட்டப்பட்ட எலிகளின் இரைப்பையில் கட்டிகள் காணப்பட்டன. மனிதரிடம் நடந்த சோதனைகள் இடைநிறுத்தப்பட்டன. கட்டிகளுக்குக் காரணம் மருந்தின் நஞ்சு அன்று, அளவுகடந்து ஏறிய காஸ்ட்ரினே என்று பின்னர் விளங்கியது. எலிகளின் இரைப்பை இதற்கு மிகவும் எளிதில் இணங்கக்கூடியது. மனிதரிடம் தூதுவ உயிரணுக்கள் பெருகினாலும், அவை கட்டியாக மாறுவது அரிதினும் அரிது என்பதை அதன்பின் கழிந்த ஆண்டுகள் காட்டியுள்ளன.

அவ்வாறாயின் புற்றுநோய் அச்சம் முற்றிலும் வீணா? ஹாங்காங்கில் 63,397 பேருடைய மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, நெடுநாள் இம்மாத்திரை உண்டவர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாக இருந்தது என்றது. கேட்பதற்கு அச்சம் தரும் செய்திதான். ஆனால் அத்தனை பேரில் புற்றுநோய் கண்டவர்கள் 153 பேரே. மேலும், வயிற்றில் ஏதோ கோளாறு இருந்தவர்களே மாத்திரையை நாடியிருப்பர் அல்லவா? பதிவுகளை மட்டும் பார்த்து, மாத்திரைதான் காரணம் என்று தீர்ப்பளிக்க முடியாது. இதற்கு மாறாக, 17,598 பேரை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறினருக்குப் பாண்டோப்ரசோலும் மறு கூறினருக்கு வெற்று மாத்திரையும் மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2019-இல் வந்தது. குடல் தொற்று மட்டும் மருந்து உண்டவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்தது. மற்றபடி பெரிய தீங்கு தென்படவில்லை. மூன்று ஆண்டு என்பது புற்றுநோயை அளந்தறியப் போதிய காலம் அன்று என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். தேவையுள்ளவர் அஞ்சி நிறுத்த வேண்டியதில்லை, தேவையில்லாதவர் தொடர வேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

நிறுத்தும்போது எரிவது ஏன்?

மாத்திரை உண்ட காலத்தில் தூதுவ உயிரணுக்கள் பெருகியதையும், கங்காணியின் குரல் உயர்ந்ததையும் கண்டோம். ஒருநாள் திடீரென்று மாத்திரையை நிறுத்துகிறோம். சில நாட்களில் புதிய பம்புகள் தயாராகிவிடுகின்றன. ஆனால் பெருகிய தூதுவர்கள் அவ்வளவு விரைவில் குறைந்துவிடுவதில்லை. பூட்டிய தொழிற்சாலையின் வாசலில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே இருந்து, ஒருநாள் கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகுமோ, அதுவே இரைப்பையில் ஆகின்றது. முன்னிருந்ததைவிட அதிகமாக அமிலம் சுரக்கின்றது.

டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2009-ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனை இதனைத் தெளிவாகக் காட்டியது. வயிற்றில் எந்த நோயுமில்லாத 120 பேர் அதில் பங்கு கொண்டனர். பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோலும், அதன்பின் நான்கு வாரம் வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. மறுபாதியினருக்குப் பன்னிரண்டு வாரமும் வெற்று மாத்திரையே. இறுதி நான்கு வாரத்தில், மருந்து உண்டு நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு நெஞ்செரிச்சல், புளியேப்பம் முதலியவை தோன்றின. மற்றவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கே தோன்றின. நலமாக இருந்தவர்களுக்கு, மருந்தை நிறுத்தியதனாலேயே எரிச்சல் வந்தது!

"மாத்திரையை விட்டேன், நெருப்பாய் எரிகிறது, எனக்கு நோய் இன்னும் தீரவில்லை" என்று நம்மவர் மீண்டும் அட்டையைத் தேடுவதன் பின்னணி இதுவாக இருக்கக்கூடும். அந்த எரிச்சல் பழைய நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சில வாரங்களில் தானே அடங்கக்கூடியது. மருத்துவரின் யோசனையோடு அளவைப் பாதியாக்கி, பின் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து, இடையில் எரிச்சல் எழும்போது வெள்ளை மருந்தைக் குடித்துச் சமாளித்து வருபவர்கள் பலர் வெற்றி பெறுகின்றனர். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி விடுவதும், தலைப்பக்கக் கட்டில் காலுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுப்பதும், புகையையும் சாராயத்தையும் விடுவதும் அக்காலத்தில் பெரிதும் உதவும்.

அமோனியா போர்த்திய கிருமி

குடற்புண்ணுக்குக் காரம், கவலை, பட்டினி ஆகியவையே காரணம் என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியிருந்தது. 1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள், புண்ணுள்ளோரின் இரைப்பையில் சுருள் வடிவமான ஒரு கிருமி வாழ்வதைக் கண்டறிந்தனர். இவ்வளவு அமிலத்தில் கிருமி எப்படி வாழும் என்று பலர் நகைத்தனர். 1984-இல் மார்ஷல் அக்கிருமி வளர்ந்த நீரைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ஆம் ஆண்டில் நோபல் பரிசு இருவரையும் வந்தடைந்தது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்பது அக்கிருமியின் பெயர். அது பிழைத்திருக்கும் உபாயத்தைப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதே இல்லை. தன்னைச் சுற்றி அமோனியாவை உண்டாக்கி, அமிலத்தை முறித்துக்கொண்டு, சீதப் படலத்துள் புகுந்து ஒளிந்துகொள்கின்றது.

இக்கிருமி உள்ளவர் கிருமியை ஒழிக்காமல் அமிலத்தை மட்டும் நெடுநாள் அடக்கினால் ஒரு தீங்கு நேர்கின்றது. அதுவரை இரைப்பையின் கீழ்ப்பகுதியிலேயே கிடந்த அழற்சி, அமிலம் குறைந்ததும் மேற்பகுதிக்கு ஏறுகின்றது. அங்குள்ள சுரப்பிகள் நாளடைவில் நலிந்து தேயக்கூடும். அப்படித் தேய்ந்த உட்சுவர், புற்றுநோய்க்கு இடந்தரும் நிலைகளுள் ஒன்று. மலேசியாவில் செய்யப்பட்ட ஆய்வுகளில் மலாய்க்காரரைவிட இந்தியரிடையே இக்கிருமி அதிகமாகக் காணப்பட்டுள்ளது. ஆகவே மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர், கிருமி உண்டா என்று ஒருமுறை சோதித்துக்கொள்வது நலம். ஊதிப் பார்க்கும் சோதனை, மலச் சோதனை, குழாயிட்டுப் பார்க்கும் சோதனை ஆகியவை உண்டு. ஊதிப் பார்க்கும் சோதனைக்கு முன் இரண்டு வாரம் இம்மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டிவிடும். கிருமி இருந்தால், பெரும்பாலும் பதினான்கு நாட்கள், இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளோடு அமிலமடக்கி மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள். நாலு நாளில் சுகம் தெரிகின்றதென்று பாதியில் விட்டுவிட்டால், எஞ்சிய கிருமி அம்மருந்துகளுக்கு அடங்காததாகிவிடும்.

புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம் வலி மாத்திரை. முதுகுவலி, மூட்டுவலிக்காக நாம் விழுங்கும் டைக்ளோஃபினாக், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் முதலியவை, சீதத்தையும் காரத்தையும் சுரக்கச் சொல்லும் ஒரு பொருளை உடலில் உண்டாகாதபடி தடுத்துவிடுகின்றன. ஆஸ்பிரின் இவ்வாறு வேலை செய்வதை ஜான் வேன் என்பவர் 1971-இல் கண்டுபிடித்தார். காப்புப் படலம் மெலிந்தபின், சாதாரண அளவு அமிலமே சுவரை அரிக்கப் போதும். காண்டா தூக்கித் தோள் நொந்தவர் ஒரு கையில் வலி மாத்திரையையும் மறுகையில் வயிற்று மாத்திரையையும் வைத்திருப்பது நம் லயங்களில் அன்றாடக் காட்சி. கடைகளில் பெயர் தெரியாத உருண்டைகளாகவும் தூளாகவும் கிடைக்கும் "உடல்வலி மருந்து" சிலவற்றில் வலி மருந்தையும் ஸ்டீராய்டையும் மறைவாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது.

குறையும் சத்துக்கள்

அமிலத்துக்கு வேறு வேலைகளும் உண்டு. உணவிலுள்ள பி12 சத்தைப் பிரித்தெடுப்பதற்கும், காய்கறியிலும் தானியத்திலுமுள்ள இரும்பைக் குடல் ஏற்கும் வடிவுக்குக் கொணர்வதற்கும் அது வேண்டும். உடலில் பி12 சேமிப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமாதலால் குறை உடனே தெரியாது. பின்னர் கைகால் மரத்துப்போதல், களைப்பு, இரத்தசோகை எனத் தலைகாட்டும். சைவ உணவு மட்டுமே உண்பவரும், நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் உட்கொள்பவரும் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மெட்ஃபோர்மினும் பி12 சத்தைக் குறைக்கக்கூடியது. நெடுநாள் மாத்திரையால் இரத்தத்தில் மெக்னீசியம் குறைவதுண்டு என்று 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர் இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

தாமாக நிறுத்தக் கூடாதவர்களும் உண்டு. இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ ஆஸ்பிரின் உண்டு, முன்பு ஒருமுறை புண்ணில் இரத்தம் கசிந்தவர். உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டவர். குழாயிட்டுப் பார்த்தபோது உணவுக்குழாயின் உட்சுவர் மாறியிருக்கக் கண்டவர். இவர்களுக்கு இம்மாத்திரையே காவல்.

எரிச்சல் என்று எண்ணி மாத்திரையை விழுங்கிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாத வேளைகளும் உண்டு. மலம் தார் போலக் கறுத்துப் போனால், வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற பொருளோ வந்தால், விழுங்கும்போது அடைத்தால், காரணமின்றி உடல் மெலிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ அது இரைப்பை அன்று, இதயமாக இருக்கலாம். அதனைக் "கேஸ்திரிக்" என்று கருதி வெள்ளை மருந்து குடித்துப் படுத்துறங்கப் போவது உயிருக்கே ஆபத்தாகும்.

சிகிச்சைக்குச் செல்லும்போது வயிற்று மாத்திரை, வலி மாத்திரை, கடையில் வாங்கிய தூள் என வீட்டிலுள்ள அட்டைகளையும் போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு செல்லுங்கள். "வெள்ளை மாத்திரை, சிவப்பு மாத்திரை" என்றால் மருத்துவருக்கு விளங்காது. பெயரும் மில்லிகிராம் அளவும் அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். எந்த மாதத்திலிருந்து உட்கொள்கிறீர்கள், உணவுக்கு எவ்வளவு நேரம் முன்பு உட்கொள்கிறீர்கள் என்ற இரண்டையும் மறவாமல் சொல்லுங்கள்.